குழாய் நீண்டது, பங்கு நீளவில்லை: இந்திய எரிவாயுக் கொள்கை குறித்துச் சில எண்ணங்கள்

இந்தியாவின் மொத்த எரிசக்திப் பயன்பாட்டில் இயற்கை எரிவாயுவின் பங்கை 2030-ஆம் ஆண்டுக்குள் 15 விழுக்காடாக உயர்த்துவது என்ற இலக்கு 2016-இல் அறிவிக்கப்பட்டது. அப்போது அந்தப் பங்கு ஆறு விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அன்று நாட்டில் இயங்கிய திரவ எரிவாயு இறக்குமதி முனையங்கள் நான்கு: தஹேஜ், ஹசீரா, தாபோல், கொச்சி. பின்னர் எண்ணூர், முந்த்ரா, தாம்ரா, சாரா ஆகியவை சேர, அவை எட்டாயின. பத்தாண்டுகளுக்கு முன் 15,000 கிலோமீட்டர் அளவில் இருந்த குழாய்வழிகள் இன்று ஏறத்தாழ 25,000 கிலோமீட்டர். ஆனால் எரிவாயுவின் பங்கு இன்னமும் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்தான் நிற்கிறது. பயன்பாட்டின் அளவு கூடியிருக்கிறது என்பது உண்மை. நிலக்கரியும் எண்ணெயும் சூரிய ஆற்றலும் அதனோடு சேர்ந்தே கூடின.

முனையங்கள் இரட்டித்தும் குழாய்கள் நீண்டும் பங்கு ஏன் அசையவில்லை? கொள்கை வட்டாரங்களில் இதற்குக் கிடைக்கும் வழக்கமான விடை, 'இன்னும் குழாய் போதவில்லை' என்பது. எரிசக்திப் பொருளியலில் ஆய்வு செய்பவன் என்ற முறையில், அந்த விடை பாதி உண்மை மட்டுமே என்று வாதிட விரும்புகிறேன். குழாயின் நீளத்தைக் கணக்கிடுகிறோம். அதன் வழியே வரும் எரிவாயுவின் விலை ஏறும்போது அந்தப் பாரத்தை யார் சுமப்பது என்பதைக் கணக்கிடுவதில்லை. எரிவாயுக் கொள்கையின் மையக் கேள்வி இந்த இரண்டாவது கேள்விதான்.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1984-இல் கெயில் நிறுவனம் உருவாக்கப்பட்டு, அதன் முதற்பெரும் பணியாக ஹசீரா–விஜய்ப்பூர்–ஜகதீஷ்பூர் குழாய்வழி அமைக்கப்பட்டது. மேற்குக் கடற்பகுதியில் கிடைத்த எரிவாயுவைக் குஜராத், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் வழியாக உர ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் அது கொண்டு சென்றது. 1,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தக் குழாய் வெற்றி பெற்றதற்குக் காரணம் பொறியியல் மட்டுமன்று. எரிவாயு எங்கிருந்து வரும், யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் ஆகிய மூன்றும் முன்னரே தெரிந்திருந்தன. வயல் அரசுடையது; விலையை நிர்ணயித்தது அரசு; வாங்கிய ஆலைகளுள் பல அரசின் அல்லது கூட்டுறவின் ஆலைகள். மூன்று கண்ணிகளும் ஒரே கையில் இருந்த காலம் அது.

உள்நாட்டு வயல்கள் தேவைக்குப் போதாமற்போனபோது இரண்டு வழிகள் தெரிந்தன. ஈரானிலிருந்தோ துர்க்மெனிஸ்தானிலிருந்தோ தரைவழிக் குழாய் ஒன்று. கப்பல்வழித் திரவ எரிவாயு மற்றொன்று. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடக்க வேண்டிய முதல் வழி பேச்சுவார்த்தைகளைத் தாண்டி நம் எல்லையை எட்டவில்லை. எனவே கப்பல் வந்தது. எரிவாயுவை மைனஸ் 162 பாகை செல்சியஸுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, பருமன் ஏறத்தாழ அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அதைக் கப்பலில் ஏற்றிவந்து, கரையில் மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் செலுத்தலாம். கத்தாரின் ராஸ்கேஸ் நிறுவனத்தோடு 1999-இல் கையெழுத்தான 25 ஆண்டு ஒப்பந்தத்தின்படி, 2004-இல் தஹேஜ் முனையம் இயங்கத் தொடங்கியது. இன்று நாட்டின் முனையங்களுள் ஏறத்தாழ முழுக் கொள்ளளவிலும் இயங்குவது அதுதான்.

தஹேஜ் ஏன் வென்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அது வெறும் நிலத்தில் எழவில்லை. இருபதாண்டுகளுக்கு முன்பே போடப்பட்ட குழாய்வழியும், அதையொட்டி வளர்ந்த ஆலைகளும், குஜராத்தின் அடர்ந்த மாநில வலையமைப்பும் அதற்காகக் காத்திருந்தன.

கொச்சியின் கதை வேறு. 2013-இல் 50 இலட்சம் டன் ஆண்டுக் கொள்ளளவோடு அங்கு முனையம் திறக்கப்பட்டபோது, எரிவாயுவை வெளியே கொண்டு செல்லப் பெருங்குழாய் இல்லை. பல ஆண்டுகள் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாமல் அது நின்றது. தாபோலில் அலைத்தடுப்புச் சுவர் முழுமை பெறாததால், பருவமழைக் காலத்தில் கப்பல் வர இயலாத நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம், 'முனையம் மட்டும் போதாது. குழாயும் வேண்டும்' என்பது. சரியான பாடமே. ஆனால் 2021 சனவரியில் 450 கிலோமீட்டர் கொச்சி–மங்களூரு குழாய்வழி திறக்கப்பட்ட பிறகும், கொச்சி முனையத்தின் பயன்பாடு ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே தேங்கியது. குழாய் வந்தது, வாங்குபவர் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. பாடத்தின் மறுபாதியை நாம் படிக்கவில்லை.

அந்த மறுபாதியைத் தெளிவாகக் காட்டும் இடம் குஜராத்தின் மோர்பி. நாட்டின் ஓடு, தரைவில்லைத் தயாரிப்பின் மையம் அது. நிலக்கரியை வாயுவாக்கி எரித்துவந்த அங்குள்ள ஆலைகள், காற்றையும் நீரையும் கெடுத்ததன் காரணமாக, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2019-ஆம் ஆண்டு ஆணையால் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. குழாய் இருந்தது, சட்டத்தின் கட்டாயம் இருந்தது, தேவை ஒரே பாய்ச்சலில் உயர்ந்தது. எரிவாயு மாற்றத்தின் முன்மாதிரி என்று பலரும் அதைச் சுட்டினர். 2021-இலும் 2022-இலும் உலகச் சந்தையில் விலை ஏறியதும், அதே ஆலைகள் லாரியில் வரும் புரோப்பேனுக்குத் தாவின. அங்கு விற்பனையான குழாய் எரிவாயுவின் அளவு உச்சத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆலைவாயில் வரை குழாய் இருந்தும் நடந்தது இது. குழாய் ஒரு வாய்ப்பைத் தருகிறது. வாங்கும் ஆற்றலைத் தருவதில்லை.

மின்துறையில் இதே பாடம் இன்னும் கசப்பானது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் டி-6 பகுதியிலிருந்து 2009-இல் எரிவாயு வரத் தொடங்கியது. நாளொன்றுக்கு எட்டுக் கோடிக் கன மீட்டர் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் மின் நிலையங்கள் எழும்பின. வங்கிகள் கடன் கொடுத்தன. உற்பத்தி 2010-இல் ஆறு கோடியைச் சற்றுத் தாண்டியதோடு சரியத் தொடங்கிச் சில ஆண்டுகளில் அடிமட்டத்தைத் தொட்டது. விளைவாக, நாட்டின் ஏறத்தாழ 25,000 மெகாவாட் எரிவாயு மின் நிலையங்களுள் 14,305 மெகாவாட், உள்நாட்டு எரிவாயு கிடைக்காமல் முடங்கியதாக நாடாளுமன்ற நிலைக்குழு 2019-இல் பதிவு செய்தது. அந்த வாராக்கடன்களின் பாரம் இறுதியில் பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகளின் தலையில் விழுந்தது.

'உள்நாட்டு எரிவாயு இல்லையென்றால் இறக்குமதி எரிவாயுவில் இயக்கலாமே?' என்ற கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று போதும். நல்ல கூட்டுச் சுழற்சி ஆலை ஓர் அலகு மின்சாரத்திற்கு 7,000 முதல் 7,500 பி.டி.யூ. வெப்பத்தைச் செலவிடுகிறது. ஆலைவாயிலில் பத்து இலட்சம் பி.டி.யூ. எரிவாயுவின் விலை 10 டாலர் என்று கொள்க. டாலர் ரூ.85 என்றால், எரிபொருள் செலவு மட்டும் அலகுக்கு ரூ.6-ஐ ஒட்டி வரும். அண்மைய ஏலங்களில் சூரிய மின்சாரம் அலகுக்கு ரூ.2.50-ஐ ஒட்டியும், சில மணிநேர மின்கலச் சேமிப்போடு சேர்ந்த சூரிய மின்சாரம் ரூ.3.50-ஐ ஒட்டியும் கிடைத்திருக்கின்றன. அந்த விலையோடு போட்டியிட எரிவாயு ஆலைவாயிலில் 6 டாலருக்கும் கீழே வர வேண்டும். இறக்குமதி எரிவாயு அந்த விலையில் தொடர்ந்து கிடைக்கும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இங்குதான் சந்தையின் இயல்பைப் பேச வேண்டும். ஆசிய உடனடிச் சந்தையில் 2020 கோடையில் 2 டாலருக்கும் கீழே விற்ற திரவ எரிவாயு, உக்ரைன் போருக்குப் பின் 2022 ஆகஸ்டில் 70 டாலரைத் தொட்டது. இரண்டே ஆண்டுகளில் முப்பது மடங்குக்கு மேற்பட்ட ஏற்றம். அந்த ஆண்டு இந்தியாவின் திரவ எரிவாயு இறக்குமதி ஆறில் ஒரு பங்கு அளவு குறைந்தது. ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்துக் கப்பல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்குத் துணையாக நிலத்தடிச் சேமிப்பகங்களும் அதனிடம் இருந்தன. நம்மிடம் அத்தகைய பெருஞ்சேமிப்பகம் இல்லை. வங்கதேசம் 2022 சூலையில் உடனடிச் சந்தையிலிருந்தே விலகியது. மின்வெட்டு அங்கு அன்றாடமாயிற்று.

'உடனடிச் சந்தை ஆபத்து என்றால் நீண்டகால ஒப்பந்தம் காக்கும்' என்பது அடுத்த வாதம். அதுவும் ஓரளவே உண்மை. கெயில், காஸ்பிரோமின் சிங்கப்பூர் நிறுவனத்தோடு 2012-இல் ஆண்டுக்கு 25 இலட்சம் டன்னுக்கான 20 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2022-இல் அதன் தாய் நிறுவனமான காஸ்பிரோம் ஜெர்மானியா ஜெர்மானிய அரசின் கைக்குச் சென்றதும் கப்பல்கள் வருவது நின்றது. வழக்கு நடுவர் மன்றம் வரை சென்றது; கெயில் 180 கோடி டாலர் இழப்பீடு கோரியது. 2025 தொடக்கத்தில் 28.5 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது. விலை உச்சத்தில் இருந்தபோது வராத எரிவாயுவுக்கு, விலை தணிந்த பின் கோரிக்கையில் ஆறில் ஒரு பங்கு கிடைத்தது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. உலக விலை சரிந்த 2015-இல், கத்தார் ஒப்பந்தத்தின் விலைச் சூத்திரம் நமக்குப் பாதகமாக இருந்தது. 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் செலுத்து' என்ற விதி இருந்தும் இந்தியா குறைவாகவே எடுத்தது. ஏறத்தாழ ரூ.12,000 கோடி தண்டத்தொகையைக் கத்தார் தள்ளுபடி செய்து, சூத்திரத்தையும் மாற்றிக்கொடுத்தது. ஈடாக ஆண்டுக்கு மேலும் 10 இலட்சம் டன் வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. பேரம் பேசும் வலிமை சரக்கு மிகுந்திருக்கும் காலத்தில் வாங்குபவருக்கும், அருகிய காலத்தில் விற்பவருக்கும் சாய்கிறது. அந்தக் கத்தார் ஒப்பந்தம் 2024 பிப்ரவரியில் மேலும் இருபதாண்டுகளுக்கு, 2048 வரை, நீட்டிக்கப்பட்டது. அந்தச் சரக்கு முழுவதும் ஹோர்முஸ் நீரிணை வழியே வருவது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வளவு ஏற்ற இறக்கத்திலும் இறக்குமதி எரிவாயுவைத் தளராமல் வாங்கிக்கொண்டிருக்கும் துறை ஒன்று உண்டு: உரத்துறை. யூரியாவின் விலை 2018 முதல் மாறவில்லை. 45 கிலோ மூட்டைக்கு, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக, ரூ.242. எரிவாயு என்ன விலைக்கு வந்தாலும் ஆலை வாங்கும். வேறுபாட்டை அரசு ஈடுசெய்யும். 2022–23-இல் உர மானியம் ரூ.2.5 இலட்சம் கோடியைத் தொட்டதில் எரிவாயு விலைக்குப் பெரும்பங்கு உண்டு. உழவருக்கு யூரியா மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாம் 'எரிவாயுத் தேவை' என்று புள்ளிவிவரத்தில் எழுதுவதில் கணிசமான பகுதி உண்மையில் அரசுக் கருவூலத்தின் தாங்குதிறன் என்பதையே சுட்டுகிறேன். அதைச் சந்தைத் தேவையாகக் கருதி அதன்மேல் முப்பதாண்டு முதலீட்டைக் கட்டுவது பிழை.

கிழக்கிந்தியாவுக்கான ஜகதீஷ்பூர்–ஹால்டியா–பொகாரோ–தாம்ரா குழாய்வழி இந்தச் சிக்கலின் நல்ல பக்கத்தையும் அல்லாத பக்கத்தையும் ஒருங்கே காட்டுகிறது. 2,655 கிலோமீட்டர் திட்டத்தின் மூலதனச் செலவில் 40 விழுக்காட்டை, ரூ.5,176 கோடியை, நடுவண் அரசு மானியமாக வழங்க 2016-இல் முடிவெடுத்தது. நாற்பதாண்டுகளாக எரிவாயு மேற்கிலேயே தங்கியிருந்த நிலையில், பீகாருக்கும் சார்க்கண்டுக்கும் ஒடிசாவுக்கும் குழாய் சென்றது நீதியின்பாற்பட்டது. கோரக்பூர், பரௌனி, சிந்த்ரி உர ஆலைகள் மீண்டும் உயிர்பெற்றதும் அதனால்தான். ஆனால் அந்த ஆலைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், குழாய் செல்லும் வழியில் இறக்குமதி விலையைத் தாங்கக்கூடிய தொழில்கள் எவை என்ற கேள்விக்கு விடை மெல்லியதாகவே இருக்கிறது.

குழாயின் செலவு ரூபாயில் மட்டும் அடங்குவதுமில்லை. 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குழாய் செல்லும் நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. 'பயன்பாட்டு உரிமை' மட்டும் எடுக்கப்படுகிறது. நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு இழப்பீடு. அதன்பின் அந்தப் பட்டையில் உழவர் கட்டடம் எழுப்ப முடியாது. கிணறு வெட்ட முடியாது. மரம் நட முடியாது. கொச்சிக் குழாயின் பெங்களூருக் கிளை கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் வயல்களைக் கடப்பதற்கு எழுந்த எதிர்ப்பை வெறும் அச்சம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 2013-இல் தமிழ்நாடு அரசு உழவர் பக்கம் நின்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தென்னை நட்டிருக்கும் உழவருக்கு அந்தப் பத்து விழுக்காடு ஒருமுறை வரும் தொகை. இழப்பு தலைமுறைக்கும் உரியது. அவர் நிலத்தில் புதைந்த குழாய் பாதி நிறைந்தும் பாதி வெறுமையாகவும் கிடக்குமானால், பொதுநலன் என்ற வாதத்தின் வலிமையும் பாதியாகும்.

மாற்றுத் தரப்பில் இரண்டு வலுவான வாதங்கள் உள்ளன. முதலாவது, மலிவுக்காலம் வருகிறது என்பது. கத்தார் தன் ஏற்றுமதிக் கொள்ளளவை 7.7 கோடி டன்னிலிருந்து 14.2 கோடி டன்னாக உயர்த்தத் திட்டமிட்டுள்ளது. அமெரிக்கா 2023 முதல் உலகின் முதன்மை ஏற்றுமதியாளர். சரக்கு மிகுந்தால் விலை இறங்கலாம். ஆயினும் கெயில் 2011-இல் அமெரிக்காவின் செனியர் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின் சூத்திரத்தைப் பாருங்கள்: அமெரிக்க ஹென்றி ஹப் விலையின் 115 விழுக்காடு, அதோடு 3 டாலர். ஹென்றி ஹப்பில் 3 டாலர் என்றாலே கப்பலேறும்போது 6.45 டாலர், நம் கரையை எட்டும்போது 8 டாலரை நெருங்கும். அதற்குக் கீழே விலை இறங்குவது விற்பவரின் இழப்புக்காலம், நிலையான காலமன்று. இரண்டு மூன்று ஆண்டு மலிவை நம்பி முப்பதாண்டுக் குழாயைப் போடலாகாது.

இரண்டாவது வாதம் சூழலியல் சார்ந்தது. எரியும் இடத்தில் எரிவாயு நிலக்கரியைவிடத் தூயது; கரிமம் ஏறத்தாழப் பாதி; புகைத்துகள் மிகக் குறைவு. நகரங்களின் காற்றுக்கு இது பெரும் நன்மை, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் மீத்தேன் எரியாமல் கசிந்தால், இருபதாண்டுக் கணக்கில் அதன் வெப்பமேற்றும் ஆற்றல் கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்குக்கும் மேல். கிணறு, திரவமாக்கம், கப்பல், குழாய் என ஒவ்வொரு கட்டத்திலும் கசிவை அளக்காமல் 'பாலம்' என்ற உவமையை மட்டும் நம்புவது அறிவியலாகாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? என் முன்மொழிவுகள் நான்கு.

ஒன்று, 15 விழுக்காடு என்ற ஒற்றை இலக்கைக் கைவிட்டுப் பயன்வாரியான இலக்கை வகுக்க வேண்டும். நகர வாகனங்கள், வீட்டு அடுப்பு, காற்று மாசு கடுமையாக உள்ள சிறுதொழில் மையங்கள் ஆகியவற்றுக்கு எரிவாயு தேவை. விலை வரம்புக்குட்பட்ட உள்நாட்டு எரிவாயுவில் அவற்றுக்கே முன்னுரிமை வேண்டும். 2024 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாகன எரிவாயுவுக்கான அந்த ஒதுக்கீடு அடுத்தடுத்துக் குறைக்கப்பட்டது, பழைய வயல்கள் வற்றிவருவதன் அறிகுறி.

இரண்டு, முடங்கிய மின் நிலையங்களை ஆண்டு முழுதும் இயக்கும் கனவை விட்டு, கோடைக்கால இரவு உச்சத்திற்கான காப்புக் கொள்திறனாக நடத்த வேண்டும். 2024 மே, சூன் மாதங்களில் மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் பயன்படுத்தி அரசு அவற்றை இயக்கச் செய்தது. அவசர ஆணையாக வந்ததை முறையான ஏற்பாடாக்கலாம்; ஆயத்தமாக நிற்பதற்கு ஒரு கட்டணம், இயங்கும்போது எரிபொருள் செலவு.

மூன்று, பொதுப்பணம் பெறும் எந்தக் குழாய்க்கும், கொள்ளளவில் குறிப்பிட்ட பகுதியை இன்ன விலை வரம்பில் வாங்குவதாக உறுதியளித்த நுகர்வோரின் பட்டியல் முன்நிபந்தனையாக வேண்டும். குழாய்கள் நிறைந்து ஓடுகின்றனவா என்பது ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களின் நீண்டகால ஒப்பந்தங்களில் விலைச் சூத்திரமாவது வெளிப்படையாக வேண்டும்.

நான்கு, நிலம் கொடுக்கும் உழவருக்கு ஒருமுறை இழப்பீட்டுக்குப் பதிலாக, குழாய் இருக்கும் காலம் முழுதும் ஆண்டு வாடகை வழங்க வேண்டும். வெறுங்குழாய்க்கும் வாடகை உண்டு என்றால், தேவையற்ற குழாயைப் போடும் ஆர்வம் தானே அடங்கும்.

எரிசக்தித் துறையில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாய்வாரியான பயன்பாட்டுத் தரவுகளில் ஒரு பகுதியைப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியமும், முனையவாரியான தரவுகளைப் பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல் பகுப்பாய்வுப் பிரிவும் வெளியிடுகின்றன. அவற்றை உலக விலையோடு மாதவாரியாகப் பொருத்திப் பாருங்கள். எந்த விலையில் எந்த ஊர் எரிவாயுவைக் கைவிடுகிறது என்ற பட்டியல் ஒன்று நம் மொழியில் வெளிவருமானால், அடுத்த குழாயின் அடிக்கல் நாட்டு விழாவில் கேட்க வேண்டிய கேள்வி நம் கையில் இருக்கும்.

மறுப்புகளையும் திருத்தங்களையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தரவோடு வரும் மறுப்புக்குக் கூடுதல் நன்றி.